மாற்றி வைத்த தேதி

பத்து பெரண்டாம், மலாக்கா
18.9.1997

அன்புள்ள அங்கமுத்து,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். பதில் தெரியாமல் இல்லை. எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

இங்கே காட்டுத்தீயின் புகைமூட்டம் இன்னும் விடவில்லை. மகள் மலர்க்கொடி முகத்தில் துணி கட்டிக்கொண்டுதான் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறாள். விமானச் சத்தம் கேட்கிறது, விமானம் தெரிவதில்லை. தெலுக் இந்தானிலும் இப்படித்தான் என்றும், மாடிப்படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குவது இந்தப் புகையால்தான் என்றும் எழுதியிருக்கிறாய். இருக்கலாம். ஆனால் பதினாறு வருடமாக இனிப்புநீர் என்று சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவன் அப்படி எழுதும்போது எனக்கு மனம் நிம்மதியாக இல்லை.

ஈப்போ டாக்டர் சொன்ன ஸ்கேன் தேவையா, ஈசிஜி சரியாக இருக்கிறதே, நெஞ்சு வலிகூட இல்லையே, மனைவி மங்களத்தோடு இதையெல்லாம் பார்த்தவன் நீதானே, நீயே சொல் என்று கேட்டிருக்கிறாய். தேதி தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் விழுவதால் தள்ளிப்போடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். பிள்ளைகள் வருகிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் படுப்பதா என்கிறாய்.

லூபோக் சீனா தோட்டப் பள்ளியில் நாம் வேலை பார்த்த காலத்தில் இன்ஸ்பெக்டர் வருவாரே, நினைவிருக்கிறதா? பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவரும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, நல்ல வகுப்பு என்று எழுதிவிட்டுப் போவார். மணி அடித்துத் திடலில் இறங்கிய பிறகு அந்த வகுப்பு என்ன செய்யும் என்று நமக்கல்லவா தெரியும். படுத்துக்கொண்டு எடுக்கிற ஈசிஜியும் அப்படித்தான். இதயம் சும்மா இருக்கும்போது பார்ப்பது. வேலை கொடுத்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

மங்களத்துக்கும் உன்னைப் போல இனிப்புநீர்தானே, அவளுடைய ஈசிஜியும் நன்றாகத்தான் இருந்தது. துணி காயப்போட்டாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. அதனால் நெஞ்சில் ஈசிஜி கம்பிகளை ஒட்டி, மெஷினில் ஓடும் பட்டையில் நடக்க வைத்தார்கள். மலர்க்கொடியின் காலணியை மாட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மூன்று நிமிடத்தில் கால் ஓய்ந்துவிட்டது என்று இறங்கிவிட்டாள். நடந்தவரை கோடுகளில் குறை இல்லை. டாக்டர் அதை நல்ல முடிவு என்று சொல்லவில்லை. இதயம் போதுமான வேகத்துக்குப் போகவே இல்லை, இதை வைத்து நல்லது கெட்டது எதுவும் சொல்ல முடியாது, கோலாலம்பூரில் ஊசி மருந்து கொடுத்து இதயத்தை வேகமாக்கி ஸ்கேன் எடுக்கட்டும் என்றார். தேதி வாங்கிக் கொடுத்து, அங்கே உள்ள டாக்டருக்கு ஒரு கடிதமும் ஒட்டித் தந்தார்.

முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். பாதியில் எழுந்து போன பிள்ளையின் தாளுக்கு, எழுதியவரை தப்பில்லை என்று முழு மதிப்பெண் போட்டிருப்பேனா? மங்களத்துக்குப் போட்டேன்.

அந்தத் தேதி மாசி மகத்தன்று விழுந்தது. சன்னாசிமலைக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். நானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை மாற்றி வைத்தேன். பட்டணத்துக் கோயிலிலிருந்து மலை இருக்கும் செங் வரை வெறுங்காலோடு நடந்தாள். நானும் பக்கத்திலேயே நடந்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. வெயில் என்று நினைத்தேன். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள். மலையில் பாலைச் செலுத்திவிட்டு அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது, இத்தனை தூரம் நடந்தவளுக்கு இன்னும் என்ன மெஷின் வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. மறுநாள் போன் செய்து, புதுத் தேதியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது அங்கமுத்து. அதைத்தான் இரண்டு நாளாக எழுத முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. வலது உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவு, உள்ளே ஏறியிருந்தது. எவ்வளவு தூரம் அதோடு நடந்தாளோ. நான் பிடுங்கியபோதுகூட அவள் காலை இழுக்கவில்லை. "வலிக்கவே இல்லைங்க. ஆண்டவன் பாத்துக்கிட்டாரு லா" என்றாள். நானும் அப்படியே நம்பி, மலர்க்கொடியிடம் பெருமையாகச் சொன்னேன்.

கண்ணாடி ஏறியதைச் சொல்லாத உடம்பு, இதயம் திணறுவதை மட்டும் எப்படிச் சொல்லும்? இனிப்புநீர் நரம்பை மரக்க வைத்துவிடும், நெஞ்சுக்குள்ளும் அப்படி ஆகலாம், மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும்தான் சிலருக்கு வலிக்குப் பதிலாக வரும் என்று போன வருடம் மே மாதம் அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர் எனக்குச் சொன்னார். மங்களம் அப்போது உள்ளே வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்தாள்.

எந்த அறிகுறியும் இல்லாமல் போய்விட்டாள் என்று உனக்கு அப்போது எழுதினேன். அது பொய். மலர்க்கொடி கேட்டபோது, கோலாலம்பூரில் அவர்களே தேதியைத் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னேன். அதுவும் பொய். இன்றுவரை அவள் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நான் டாக்டர் இல்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். போன வருடம் இனிப்புநீரால் ஒரு கால் விரலை வெட்டி எடுத்தவன் நீ. ஓடும் பட்டையில் நீ பாதியில்தான் இறங்குவாய், அதனால்தான் உன் டாக்டர் நேராக ஊசி போட்டு எடுக்கிற ஸ்கேனைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அதில் குறை தெரிந்தால் குழாய் விட்டு ரத்தக்குழாயைப் பார்க்கச் சொல்லலாம். அதற்குச் சாயமருந்து செலுத்துவார்கள், உன் சிறுநீரகம் தாங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள். மூச்சு வாங்குவதைப் புகை என்று நீயே முடிவு கட்டாமல் அவரிடம் அப்படியே சொல். காலையில் திடலை மூன்று சுற்று நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைத் தயவுசெய்து என்னிடம் சாட்சியாகக் காட்டாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு நீல உறை வைத்திருக்கிறேன். கோலாலம்பூர் டாக்டருக்கு மங்களத்தின் பெயரில் தந்த கடிதம் அது. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது. ஒன்றரை வருடமாக அவளுடைய அடையாள அட்டைக்கு அடியில் கிடந்தது. நீயும் பிரிக்க வேண்டாம். தங்கச்சி மாரியம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல். தேதியை மாற்ற நீ போனைக் கையில் எடுத்தால், அவள் அதை உன் முன்னால் வைக்கட்டும்.

அக்டோபர் 28 காலை நான் ஈப்போவில் இருப்பேன். முதல் நாளே பஸ் ஏறிவிடுவேன். மலர்க்கொடியையும் அழைத்து வருகிறேன், வழியில் அவளிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. நீ உள்ளே போய்வரும் வரை வெளியே உட்கார்ந்திருக்கிறேன். முடித்துக்கொண்டு வந்து அந்த உறையை உன் கையாலேயே என்னிடம் திருப்பிக் கொடு.

நீயும் மாரியம்மாவும் பிள்ளைகளோடு இந்தத் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். இன்னும் பல தீபாவளிக்கும்.

என்றும் உன்,
தங்கராஜு