சக்கரத்தடியில் இருந்த கட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, அத்தானுக்குக்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீங்கள் இருவரும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதமும் இதே உறையில் இருக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம், வேளைக்குச் சாப்பிடு, ரோட்டைப் பார்த்துக் கட என்றெல்லாம் அதில் இருக்கும். சௌக்கியம் என்பதை மட்டும் நம்பாதே.

அப்பா ஓட்டுகிற ரொட்டிக் கம்பெனி வேனுக்குக் கைப்பிரேக் சரியாகப் பிடிக்காது, நம் தெருவோ சரிவு, அதனால் சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவார், உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பள்ளியில் உராய்வு பற்றிய சோதனைக்கு ஆளுக்கொரு கட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், நான் மறந்துபோய்க் கடைசி நிமிடத்தில் அதைக் காலால் தட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வேன் அசையவே இல்லை. நிற்கிற பொருள் விசை கொடுத்தால்தான் நகரும் என்று படித்திருந்தேன், இதை யார் தள்ளப்போகிறார்கள் என்று நினைத்தேன். சரிவில் நிற்பதைப் புவியீர்ப்பு எந்நேரமும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. நான் போன பிறகு பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, வேன் உருண்டுபோய்த் தையல்காரர் வீட்டுக் கதவை உடைத்திருக்கிறது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அந்தச் சோதனையில் எனக்குப் பத்துக்குப் பத்து, அக்கா.

கட்டை வைக்கத் தானே மறந்துவிட்டதாக அப்பா நினைக்கிறார். முதலாளியிடமும் அப்படியே ஒப்புக்கொண்டார். அவர், “பதினாறு வருஷம் ஓட்டினது போதும், சனிக்கிழமை சாவியைக் குடுத்துட்டுப் போங்க” என்றாராம். சனிக்கிழமை நாளைதான். அம்மா சிரிக்க வைக்கப் பார்த்து, “கண்ணாடியை மூக்குல வச்சுக்கிட்டே தேடுற மனுஷன், கட்டையையா ஞாபகம் வச்சிருக்கப்போறாரு” என்றாள். அப்பா சிரிக்கவில்லை. “எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்றார். பெரியப்பா கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டது நினைவிருக்கிறதா? வேலை போவதைவிட அதற்குத்தான் அப்பா பயப்படுகிறார். கட்டை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவர் அடிக்க மாட்டார், அது தெரியும். மூன்று நாள் அவர் தவித்ததைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? நீயே சொல், நான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். “தூங்கிட்டியாம்மா? வாசக்கதவப் பூட்டினேனான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன், என்னாலயே என்னை நம்ப முடியல” என்கிறார். அக்கா, நான் இப்போதே