பூச்சாடியை நகர்த்தாமல் எடுத்த அளவு

இவர் அளப்பாராம், பழியை மட்டும் நான் சுமக்க வேண்டுமாம். நேற்று நீங்கள் பேசப் பேச இதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. சூடு செய்துகொள்ளுங்கள். கண்ணாடிக் கடைக்காரர் பத்து மணிக்கு, இந்த முறை தானே அளக்க வருகிறார்.

வட்ட மேசையின் நடுவிலிருந்த பூச்சாடியைத் தூக்கச் சோம்பல்பட்டு, அதை ஒட்டி டேப்பை ஓட்டினீர்கள். மையத்தின் வழியாகப் போனால்தான் விட்டம். விலகிப் போனால் வெறும் நாண், எப்போதும் விட்டத்தைவிடக் குட்டை. அதனால்தான் மேசைமேல் போட வந்த புதுக் கண்ணாடி சுற்றிலும் ஒரு விரல் குறைகிறது.

காலையில் பூச்சாடியை எடுத்துவிட்டு, நடுவிலிருந்து விளிம்புவரை நூல் பிடித்தேன். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே நீளம். அந்த ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் சரியான விட்டம். நூல் மேசைமேல் இருக்கிறது.

"மேசை வாங்கிக் கொடுத்ததே எங்க அக்கா. அவங்ககிட்ட நீ அளந்ததா சொல்லிடேன், உனக்கென்ன கிரீடமா இறங்கிடும்?" என்றீர்கள். பதினாறு வருடத்தில் எத்தனை முறை இறங்கியது என்று நான் எண்ணவில்லை.

பி.கு. உங்கள் அக்கா போன் செய்தார். யார் அளந்தது என்று கேட்டார். "அவரே சொல்லுவார், அண்ணி" என்றேன். பதினொன்றுக்கு வருகிறார்.