கடைவீதியில் கட்டிய கயிறு

1998 மாசி 9, திங்கள்

பனி. எட்டு மணிக்கும் வெயில் இல்லை. பல்வலி கொஞ்சம் குறைவு. கிராம்பு முடிந்துவிட்டது.

நகரசபைக் கந்தோரில் செயலாளர் ஐயா கூப்பிட்டார். மேசையில் கடைக்காரரின் மனு. பொங்கலுக்குப் பிறகு கடைவீதியில் தார்ப்பீப்பாய் வைத்துக் கயிறு கட்டி, ஒரு ஓரத்தைச் சைக்கிள்களுக்கு ஒதுக்கினோம். அதனால்தான் தெரு அடைபடுகிறதாம். எடுத்துவிடட்டாம்.

“பிள்ளை, நிண்டு பார்த்து உள்ளதை எழுதித் தாரும். வெள்ளிக்கிழமை கூட்டத்திலை முடிவு.”

அந்தப் பாதையைப் படத்தில் கீறியவளே நான். என்னையே அனுப்புவது சரியா? கேட்கவில்லை. எனக்கும் அறிய ஆசை.

மாசி 10, செவ்வாய்

இரும்புக்கடை வாசல். முதலாளி சிவபாலன் அண்ணை உட்காரக் கதிரை தந்தார், தேத்தண்ணியும். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

“தங்கச்சி, கயிறு கட்டின நாள் தொட்டு பஸ் நகருதே? நீங்களே பாருங்கோ.”

பார்த்தேன். நகரவில்லை. கயிற்றுக்கு உள்ளே சைக்கிள்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. மண்ணெண்ணெய்க் கான், நெல் மூட்டை, ஒருவர் தோளில் முழுக் கதவு நிலை. வவுனியாவில் இவ்வளவு சைக்கிளா!

அண்ணை சொல்வது சரியோ?

மாசி 11, புதன்

இன்று உட்காரவில்லை. நெரிசலின் வாலிலிருந்து தலைவரை நடந்தேன். தலையில் ஒரு லொறி. சீமெந்து இறக்குகிறார்கள். அது வருமுன் பஸ் தாராளமாகப் போனது. இறக்குவது சிவபாலன் அண்ணையின் கடைக்கு!

சந்தோஷம் பத்து நிமிடம்தான். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் சைக்கிள்கள் கும்பலாக வெளியே வந்து பஸ்ஸை மறிக்கின்றன. அது லொறியின் பிழை அல்ல. வளைவை நான் கீறிய விதம்.

அங்கே முத்துலெட்சுமி அக்காவோடு கதைத்தேன். மலையகத்து ஆள், ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை. சைக்கிளின் முன் பாரில் சின்ன மகள்.

“முந்தி வடிகானுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல உசிரக் கையில புடிச்சுக்கிட்டு வருவேன். இப்பதாம்மா புள்ளையையும் கூட்டிக்கிட்டு வாறேன்.”

செயலாளரிடம் கேட்டேன்: நாளை காலை மட்டும் கயிற்றை அவிழ்த்துப் பார்ப்போமா? “ஓம், பாரும்” என்றார்.

மாசி 12, வியாழன்

அவிழ்த்தோம். சைக்கிள்கள் தெரு முழுக்கப் பரவின. பஸ் முன்னையிலும் மெதுவு. கொப்பியில் ஆசையாக எழுதிக்கொண்டு நின்றேன்.

பின்னால் ஹோர்ன். முத்துலெட்சுமி அக்கா ஒதுங்கப்போய்க் வடிகான் ஓரத்தில் விழுந்தா. பிள்ளையும். சிவபாலன் அண்ணை ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினார். முழங்கால் உரசல், ரத்தம். வேறொன்றும் இல்லை.

“கயிற யாரு அவுத்தது?”

“நான்தான், அக்கா. பார்க்கிறதுக்காக.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா சந்து வழியா வந்திருப்பேனே.”

அவ்வளவுதான் சொன்னா. ஏசியிருக்கலாம்.

மாசி 13, வெள்ளி

கூட்டம். உள்ளதை வாசித்தேன். அடைப்புக்குக் காரணம் லொறி, அதை விடியற்காலையிலேயே இறக்கிவிட வேண்டும். திருப்பத்தில் காரணம் பாதை, பிழை என்னுடையது, மாற்றிக் கீறுவேன். நேற்று நடந்ததையும் சொன்னேன்.

“லொறியை விடிய இறக்கச் சொல்லாதேங்கோ. சோதனைச்சாவடி திறந்தாத்தானே அது வரும்?” என்றார் சிவபாலன் அண்ணை. நியாயம். நான் யோசிக்கவே இல்லை. பிறகு அவரே, “கடைக்குப் பின்னாலை உள்ள ஒழுங்கையாலை இறக்கிறன். கயிறு கிடக்கட்டும். அந்தப் பிள்ளை அழுத சத்தம் காதை விட்டுப் போகேல்லை.”

பின்னேரமே கயிறு கட்டியாயிற்று.

மாசி 14, சனி

முத்துலெட்சுமி அக்கா மகளோடு நடந்து வந்தா. சைக்கிள் என்றாலே பிள்ளை அழுகிறதாம். கயிறு திரும்பக் கட்டியாச்சு, திருப்பமும் மாறப்போகிறது, இனிப் பயமில்லை என்றேன்.

“நீங்க அந்தக் கயித்துக்குள்ள சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?”

இல்லை என்றேன்.

“அப்ப திங்கக்கெழம காலைல எங்கூட வாங்க. புள்ளைய நீங்க ஏத்திக்கங்க.”