ஈரக்கால்கள் குழுவில் இரண்டு பேர்

2011 பிப்ரவரி 12, சனி

ப்ரோ பிரிட்ஜ் ஊரில் கச்சேரி. நல்ல கூட்டம். பாட்டுக்கு நடுவே குளோவிஸ் என் பக்கம் திரும்பி, "அடுத்ததைக் கொஞ்சம் மெதுவா எடுக்கச் சொல்லு அவன்கிட்ட" என்றான். வில்பர்ட் கிடாரோடு கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறான். நான் சொன்னேன். "காது கேக்குதுன்னு சொல்லு" என்றான் அவன்.

பேஸ் கிடார் வாசிக்கத்தான் இந்தக் குழுவுக்கு வந்தேன். நாலு வருஷமாக இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே தபால்காரி வேலை பார்க்கிறேன்.

எல்லாம் அப்போது ஒரு டிவிக்காரன் பேட்டியில் கேட்ட கேள்வியால் வந்தது. "பிரெஞ்சு வால்ட்ஸ் பாட்டுகளில் ப்ளூஸ் இசையைக் கலந்தது உங்கள் யோசனையா?" குளோவிஸ், "ஆமாம்" என்றான். வில்பர்ட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அது அவனுடைய யோசனை. எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆரம்ப நாட்களில் சில அரங்குகளில் வில்பர்ட்டைப் பின்வாசல் வழியாக வரச் சொல்வார்கள், கறுப்பன் என்று. குளோவிஸும் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு அவன் கூடவே பின்வாசல் வழியாகப் போவான். அப்படி இருந்தவன் ஏன் ஆமாம் என்றான்?

மார்ச் 5

குளோவிஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாட்டு பாதியில் நின்றது. யாரும் சொல்லாமலே வில்பர்ட் கிடாரில் இழுத்து இழுத்து வாசித்துச் சமாளித்தான்.

மார்ச் 24

தொண்டை கட்டியதல்ல. குரல்வளையில் புற்றுநோய்.

ஏப்ரல் 6

தினமும் லஃபயட் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ள வேண்டும். குளோவிஸின் மனைவி யூலாவுக்குக் கண் சரியில்லை, வண்டி ஓட்ட முடியாது. போன வாரம் வில்பர்ட்டிடம் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அவன் டிரக் அவர்கள் வாசலில் நின்றதாம். ஒரு தடவை ஹார்ன். குளோவிஸ் போய் ஏறிக்கொண்டானாம்.

"போறப்பவும் பேச்சில்ல, வர்றப்பவும் பேச்சில்ல வெர்லி. எழவு வீட்டுக்குப் போயிட்டு வர்ற மாதிரி வர்றாங்க" என்றாள் யூலா.

ஜூன் 2

கதிர்வீச்சு பலிக்கவில்லை. அடுத்த வாரம் குரல்வளையையே எடுக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. பாட்டு — அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

அவனைப் பார்க்கப் போனேன். கொல்லைப்பக்கம் உட்கார்ந்து யூலாவுக்கு இறால் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"குரல் இருக்கறப்பவே சொல்லிடு குளோவிஸ். அது வில்பர்ட்டோட யோசனைதான்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை."

"அவனுக்குத் தெரியாதா?" மணலை அரைக்கிற மாதிரி ஒரு குரல்.

"தெரியும். நீ சொல்லணும்ல?"

அடுத்த இறாலை எடுத்து உரித்தான். வீம்பா, வெட்கமா? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. செத்தா தீரும்டா உன் வீம்புன்னு கத்தியிருப்பேன். கத்தல. அந்த நிலைமையில இருக்கறவன்கிட்ட எப்படிக் கத்தறது?

ஜூன் 9

எடுத்துவிட்டார்கள். அவன் சொல்லவில்லை.

ஜூன் 11

ஆஸ்பத்திரி. தாழ்வாரத்திலேயே ஒரு பேச்சுக்குரல் கேட்டது. வில்பர்ட். நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். டிரக்கின் க்ளட்ச் போனது, ஓப்பலூசாஸில் யார் செத்தார்கள், யார் பெண்ணுக்குக் கல்யாணம் என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். பிறகு குரல் மாறியது.

"நாலு வருஷம்டா. ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். வாய் இருந்தப்ப வரல உனக்கு. சரி, இனிமே நான்தான் பேசுவேன். நீ கேட்டுக்கிட்டே கிட."

எட்டிப் பார்த்தேன். தொண்டையில் துளை, அதில் குழாய். குளோவிஸின் தோள்கள் குலுங்கின. சிரித்தானா, அழுதானா, தெரியவில்லை.

செப்டம்பர் 17

யூலாவின் சமையலறையில் ஒத்திகை. குளோவிஸின் பிரெஞ்சுப் பாட்டுகளை வில்பர்ட் பாடிப் பழகுகிறான். அவன் வீட்டு பிரெஞ்சு வேறு, குளோவிஸ் வீட்டு பிரெஞ்சு வேறு. சொல் பிசகினால் குளோவிஸ் காலால் தரையை உதைக்கிறான்.

"உதைடா, உதை. எங்க வீட்ல இப்படித்தான் சொல்லுவோம்."

அடுத்த தடவையும் அப்படியே பாடினான். குளோவிஸ் உதைக்கவில்லை.

அக்டோபர் 22, சனி

யூனிஸ் ஊரில் மேடை ஏறினோம். அறிவிப்பாளர், "குளோவிஸும் அவருடைய ஈரக்கால்கள் குழுவும்" என்றார். குளோவிஸ் வாசிக்க ஆரம்பிக்கவில்லை. வில்பர்ட்டின் தோளைப் பிடித்து நடு மைக்குக்கு முன்னால் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினான். தான் பின்னால் வந்து டிரம்ஸ் ஓரம், என் பக்கத்தில் நின்றுகொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே நின்றதே இல்லை.

வில்பர்ட் கொஞ்ச நேரம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றான்.

பாட்டு எடுபடவில்லை. சில ஜோடிகள் ஆடாமல் போய் உட்கார்ந்தார்கள். "பழைய குரல் மாதிரி வருமா" என்று முன்வரிசையில் ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. வில்பர்ட் பாடி முடித்தான். என் பக்கத்தில் குளோவிஸின் உதடுகள் கடைசி வரைக்கும் அசைந்துகொண்டே இருந்தன.

டிசம்பர் 2

நுரையீரலிலும் இருக்கிறதாம்.

2012 ஜனவரி 19

மழையில் புதைத்தோம். ஒரு பாட்டு வாசிக்கலாமே என்றார் பாதிரியார். "இன்னைக்குக் கை வராது" என்றான் வில்பர்ட்.

பிப்ரவரி 4, சனி

மாமு ஊரில் கச்சேரி, ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. டிரம்ஸ்காரன் ராய்ஸ் முன்னாலேயே போய்விட்டான். நான் வில்பர்ட்டின் டிரக்கில், குளோவிஸ் உட்கார்ந்து போய்வந்த சீட்டில் போனேன்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். வயலில் தண்ணீர் நிற்பதை, பாலத்தில் வேலை நடப்பதை. பிறகு, "அந்த ரெண்டாவது பாட்டு எனக்கு முடிக்க வரமாட்டேங்குதுடா. நீ எப்படிடா முடிப்ப?" என்றான்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். என்னை அவன் ஒருநாளும் 'டா' போட்டதில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமு ஊர் வரும்வரை அவன் பேசிக்கொண்டே வந்தான்.