சந்தனம் வைத்த ஃப்ளாப்பி

நேற்று மத்தியானம் சோறு உண்டுவிட்டு, கை கழுவின ஈரத்தோடு ஃபோனைத் தொட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் ஃபோனில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த இடத்தைத் தொடுங்கள் என்று என்னை மிரட்டியது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு யாரோ அனுப்பும் கள்ள விளம்பரம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி விரல் தானாக உன் பெயரைத் தேடிப் போய்விட்டது. ‘எட்டி, நம்ம பழைய ஆளு ஃபோனுக்கே வந்துட்டான்’ என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும் போல இருந்தது. பெயரைப் பார்த்த பிறகுதான் எடுக்க ஆள் இல்லை என்று உறைத்தது. போன மழைக்காலத்தோடு நீ போய்விட்டாய் என்பதை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

அந்தப் பழைய ஆளை உனக்கு நினைவிருக்கும். இல்லாவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன். நான் பேசும்போது நீ குறுக்கே பேசாமல் கேட்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. என் தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப் போன கம்ப்யூட்டர், எல்லைப்புறத்துக் கொல்லயில் ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அம்மா தைத்துப் போட்ட பூப்போட்ட உறைக்குள் கிடந்தது. நீ பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்தவள். தாலி கட்டின மஞ்சள் மங்குவதற்குள் உன் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். பொழுது போகாமல் நீயும், வேலை கிடைக்காமல் நானும், பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டரில் அச்சுக் கோர்க்கும் டி.டி.பி. படித்தோம். பிறகு அந்த முன்னறையில் கல்யாணக் கார்டு அடிக்கத் தொடங்கினோம். நம் ஊர்க் கல்யாணக் கார்டு என்றால் சும்மாவா? பெண் களியக்காவிளைப் பக்கம், மாப்பிள்ளை பாலராமபுரம் பக்கம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். எதில் பிழை வந்தாலும் ஒரு வீட்டார் முகம் கறுத்துவிடும்.

கம்ப்யூட்டரில் அடிப்பது நான். கார்டு உறைமேல் பெயர் எழுதுவது நீ. உன் எழுத்து வட்டமாக, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். ‘ழ’வின் வால் மட்டும் அடங்காமல் கீழே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றும். வெள்ளறடையிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார், உள்ளே அச்சடிப்பதும் இந்த எழுத்திலேயே வருமா என்று கேட்டார்கள். அன்றைக்கு உனக்குப் பித்துப் பிடித்தது. உன் கையெழுத்தையே ஃபான்ட் ஆக்க வேண்டும், நான் விசையைத் தட்டினால் திரையில் உன் எழுத்து வந்து விழ வேண்டும் என்று கிளம்பிவிட்டாய்.

சதுரக் கட்டம் போட்ட தாளில் எழுதி எழுதிப் பார்த்தாய். பிறகு மௌஸைப் பிடித்து அதே வளைவைத் திரையில் இழுத்தாய். தமிழில் எழுத்து தீருகிறதா? ‘கு’வுக்கு ஒரு சுழி, ‘து’வுக்கு வேறொரு சுழி, ‘மூ’வுக்கு இன்னொன்று. விரல் வலிக்கிறது என்பாய், கட்டன்சாயா குடிப்பாய், மறுபடி உட்கார்ந்துவிடுவாய். நான் பக்கத்தில் இருந்து ‘கால் நீளம், கொம்பு குட்டை’ என்று குற்றம் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தச் சாயங்காலங்கள் போல ஒன்று பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

அதற்கு நடுவில்தான் உன் விசா வந்தது. சரஸ்வதி பூஜை கழிந்த வாரக் கடைசியில் நீ விமானம் ஏற வேண்டும். முகமெல்லாம் பல்லாக வந்து சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது. உன் சந்தோஷத்தின்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை? ஆனாலும் வந்தது.

“மக்கா, நான் போனாலும் எனக்க எழுத்து இங்க கெடக்கட்டு. உனக்குக் கூட்டா இருக்கும்” என்றாய்.

“எழுத்து எனக்க கூட பஸ்ஸுல வருமாட்டி?” என்று வெடுக்கென்று கேட்டேன்.

கேட்டேனே தவிர, அதையாவது விட்டுப் போ என்றுதான் உள்ளே மனசு அடித்துக்கொண்டது. உன்னைத் தடுக்க முடியாது. நீ போவதற்குள் அந்த எழுத்து முழுதாக முடிந்து என் கையில் இருக்க வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கடைசி எழுத்தை நீ வரைந்து முடித்த சமயம் பார்த்து வைரஸ் வந்து சேர்ந்தது. யாரோ கார்டு அடிக்கக் கொண்டுவந்த ஃப்ளாப்பியில் ஏறி வந்திருக்கிறது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஃப்ளாப்பி தெரியாது. எழுதியதை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போக நமக்கு இருந்தது உள்ளங்கை அகலத்தில் அந்தச் சதுரத் தட்டு ஒன்றுதான். உன் ஃபான்டை எந்த ஃப்ளாப்பியில் நகல் எடுத்தாலும், திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, அல்லது பேய் கிறுக்கினது போல என்னமோ கிடக்கும். நல்லபடியாக இருந்த ஒரே நகல் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்ததுதான். பெட்டியோ முக்கி முனகி, வேலைக்கு நடுவில் உறைந்து நின்றது. என்றைக்கு ஒரேயடியாகக் கண்ணை மூடுமோ தெரியாது.

ஆட்டோ பிடித்து நெய்யாற்றின்கரையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் குழி. நீ பெட்டியை மடியில் வைத்துக் கைக்குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாய். கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பாதி மலையாளம், பாதி தமிழ் அவர் பேச்சு.

“சேச்சி, ஃபார்மேட் செய்தாலே வைரஸ் போகூ.”

“ஃபார்மேட் செஞ்சா எனக்க எழுத்து?”

“எல்லாம் போகும். பெட்டி புதுசு மாதிரி ஆயிடும்.”

“எனக்குப் புதுசு வேண்டாம்” என்று நீ பெட்டியைத் தூக்கிவிட்டாய். அந்த மனிதர் நல்லவர். நம்மைத் திருப்பிக் கூப்பிட்டு ஒரு சுத்தமான ஃப்ளாப்பியைத் தந்தார். இதை உள்ளே வைத்துத்தான் மெஷினைப் போட வேண்டும், இதிலுள்ள மருந்து வைரஸைத் தேடி எடுத்துவிடும் என்றார். “பின்னே, வீட்டில் உள்ள ஓரோ ஃப்ளாப்பியும் நோக்கணம். ஒண்ணை விட்டாலும் திரும்ப வரும், கேட்டோ” என்று வாசல் வரை வந்து சொன்னார். நாமும் பெரிதாகத் தலையை ஆட்டினோம்.

வீட்டுக்கு வந்தால் அம்மா பூஜைக்கு வைத்து முடித்திருந்தாள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் சாமானையும் சாமி முன்னால் வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. தட்டத்தில் என் புத்தகங்கள் இருந்தன, அம்மாவின் கத்தரிக்கோல் இருந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கி வைக்க முடியாதே, அதனால் அதற்குப் பதிலாக மேஜையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்துச் சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்திருந்தாள்.

“பூஜை வச்சாச்சு. கம்ப்யூட்டரைத் தொடப்பிடாது” என்றாள் அம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீதான் அடுக்களை வாசலில் போய் நின்று வாதாடினாய். “மாமி, நாங்க எழுதல்ல, துடைக்கப் போறோம். அருவாளத் தேச்சுக் கழுவித்தானே பூஜைக்கு வைப்பாவ? இதுக்குள்ள அழுக்கு கெடக்கு. அழுக்கு எடுக்கியது எழுத்தாக்குமா?”

அம்மா அகப்பையைக் கையில் வைத்தபடி யோசித்தாள். “துடைக்கலாம். ஆனா ஒரு எழுத்து எழுதப்பிடாது, பாத்துக்க. நகல் எடுக்கியதும் எழுத்தாக்கும்.”

மறுநாள் பகல் முழுதும் துடைத்தோம். முறுக்கு டின்னில் கிடந்த ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாக நீ எடுத்துத் தந்தாய், நான் உள்ளே தள்ளினேன். ஒன்று சுத்தம் என்று வந்தால் நீ கொழுப்போடு ‘ஆமென்’ என்பாய், உன்னோடு படித்த கிறிஸ்தவப் பிள்ளைகளிடமிருந்து தொற்றிய பழக்கம். அம்மா உள்ளிருந்து உன்னை ஏசுவாள். சாயங்காலம் பெட்டி குளித்து வந்த பிள்ளை போலத் துள்ளி எழுந்தது. இப்போதே ஒரு நகல் எடுத்துவிடுவோமா என்று நான் கேட்டபோது, நீ அடுக்களைப் பக்கம் பார்த்தாய். “வேண்டாம் மக்கா. மாமிட்ட சொல்லியாச்சு. விஜயதசமிக்கு முதல் எழுத்தா எடுப்போம்” என்றாய்.

விஜயதசமி காலையில் அம்மா பூஜையெடுத்து, அந்தச் சந்தனம் வைத்த ஃப்ளாப்பியைத் துளசியோடு உன் கையில் தந்தாள். “முதல்ல இத உள்ள வையி. பொறவு சுவிச்சப் போடு. சாமி முன்ன போகட்டு.” நாமும் பயபக்தியோடு அப்படியே செய்தோம். தொடங்கும் தட்டு இது அல்ல, எடுத்துவிட்டு விசையைத் தட்டு என்று பெட்டி சொன்னது. எடுத்தோம், தட்டினோம், சிரித்தோம். நகல் எடுத்தோம். திறந்து பார்த்தால் மறுபடியும் பேய்க் கிறுக்கல்.

அன்றைக்கு நான் நெய்யாற்றின்கரைக் கடைக்காரரை ஏசின ஏச்சில் அவருக்கு விக்கல் எடுத்திருக்கும். நீ ஏசவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாய். உன் மாமியார் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இனி வரைய நாளும் கிடையாது, கையும் கிடையாது. நான் உன் காலடியில் உட்கார்ந்து, போனால் போகட்டும் என்று பொய் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து நீ எழுந்து உட்கார்ந்து, சந்தனம் ஒட்டிய விரலை மோந்து பார்த்தாய்.

“எட்டி, எல்லா ஃப்ளாப்பியும் பாத்தோமா?”

“டின்னுல உள்ளது மொத்தமும் பாத்தாச்சு.”

“சாமிக்க கிட்ட இருந்தத?”

நாம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். பிறகு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அம்மாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது. “சாமி முன்ன இருந்த சாதனத்துல அழுக்கு வருமா?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். “நாமதான மாமி அழுக்கோட வச்சோம். சாமி அத ஒண்ணும் செய்யாம பத்திரமாக் காத்துத் தந்திருக்கு.” அம்மாவே சிரித்துவிட்டாள். உன்னிடம் யார்தான் கோபித்துக்கொண்டு இருக்க முடியும்.

மருந்து ஃப்ளாப்பியை வைத்துத் திரும்பவும் பெட்டியைச் சுத்தம் செய்தோம். சந்தனத்தைத் துணியால் துடைத்து அந்த ஒன்றையும் சுத்தம் செய்தோம். புது ஃப்ளாப்பியில் நகல் எடுத்தோம். திறந்தேன். எழுத்து எழுத்தாக நீ வந்தாய். ஒன்றும் குறையவில்லை. “ஏதாவது அடிச்சுப் பாரு” என்றாய். நான் யோசிக்கவே இல்லை. கை தானாக ‘போகாதே’ என்று அடித்துவிட்டது.

திரையில் அது உன் கையெழுத்தில் நின்றது. “நானே எனக்கு எழுதினது மாதிரி இருக்கு” என்றாய். உன் கண் நிறைந்திருந்தது. பிறகு எழுந்து, பெட்டி கட்ட வேண்டும் என்று போய்விட்டாய்.

நீ போனாய். உன் எழுத்து இங்கே கிடந்தது. பூவாரிலும் வெள்ளறடையிலும் பாறசாலையிலும் எத்தனை கல்யாண வீடுகளுக்கு உன் எழுத்து போயிருக்கிறது தெரியுமா? நீ அங்கே வெயிலில் வெந்துகொண்டிருந்தாய், இங்கே உன் ‘ழ’ வாலைச் சுழற்றிக்கொண்டு ஊர் சுற்றியது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வீட்டு மேஜையில் ஒரு கார்டைக் கண்டு, ‘எனக்க கை எனக்கு முன்னயே இங்க வந்துட்டு’ என்பாய்.

கடைசியில் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தில் உன்னைப் பெயர் எழுதச் சொன்னார்கள். கை நடுங்கி எழுத்து எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அதைப் பார்த்துவிட்டு, “அங்க என்ன பாக்க? எனக்க நல்ல எழுத்து உனக்க வீட்டுல உண்டு” என்றாய்.

உண்டுதான். உன் பதினாறாம் நாள் கார்டை அதில்தான் அடித்தேன். வேறு யார் எழுத்தில் அடிப்பேன்? வந்தவர்கள் கார்டைப் பார்த்து, நீயே கூப்பிட்டது போல இருக்கிறது என்று அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் போன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உன் எழுத்தில் ‘எட்டி, வாறேன்’ என்று அடித்தேன். அச்சு அசல் நீ. ஒரு நொடி நம்பிவிட்டேன், வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவும் செய்தேன். பிறகு அதைச் சேமிக்காமல் மூடினேன். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

இப்போதும் கார்டு அடிக்கிறேன். கேட்கிறவர்களுக்கு உன் எழுத்தைத் தருகிறேன். ஊரார் கல்யாணத்துக்கு அது போகட்டும். நீ எழுதினது போல உன் எழுத்தில் எனக்கு நானே எழுதிக்கொள்வது மட்டும் இனி கிடையாது. இந்த மடலைப் பேனா பிடித்துத்தான் எழுதியிருக்கிறேன். வரி கோணுகிறது, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. படிக்கக் கஷ்டமாக இருந்தால் கஷ்டப்பட்டுப் படி. இதை எழுதினது நீ இல்லை, நான்தான்.