போனை அவங்ககிட்ட குடுங்க

ஜூன் 9, திங்கள்

அக்காவின் கை இன்றைக்கும் பாதியில் நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை. இந்தப் பாழாய்ப்போன இணைப்பு நிறுத்தியது.

காது கேட்காத குழந்தைகளைப் பெற்றவர்களுக்குச் சைகை மொழி சொல்லித்தரும் வேலை. வீட்டில் உட்கார்ந்தே, வீடியோவில். அக்காவுக்கும் காது கேட்காது. இந்த வேலைக்கு அவளை விட்டால் வேறு யார்? இன்றைக்குச் சோதனை வகுப்பு. எதிரே ஒரு அப்பா, மடியில் பிள்ளை. 'பசிக்குதா' என்று காட்ட ஆரம்பித்தாள். கை வயிற்றுக்குப் போகும் வழியிலேயே படம் உறைந்துவிட்டது. அந்த ஆளுக்குத் தெரிந்தது, அக்கா முறைத்துக்கொண்டு நெஞ்சில் அடித்துக்கொள்வதுபோல ஒரு போஸ். பயந்துபோய்ப் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

கூடவே பார்த்துக்கொண்டிருந்த, வேலை தரும் பயிற்சி மையத்து மேடம் பிறகு எழுதி அனுப்பினார். 'நீங்க நல்லா சொல்லித்தர்றீங்க. ஆனா விரல் உடைஞ்சு உடைஞ்சு வருது. மாசக் கடைசிக்குள்ள முழு ஃபைபர் போட்டுடுங்க. இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்.'

அக்கா லேப்டாப்பை மூடினாள். மெதுவாக மூடினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானா இருந்தா உடைச்சிருப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

பில்லில் 'ஃபைபர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். பொய். தெருமுனைப் பெட்டி வரைக்கும்தான் கண்ணாடி இழை. அங்கிருந்து வீட்டுக்கு வருவது பழைய செம்புக் கம்பி. வீட்டுக்குள்ளேயே இழை வந்தால்தான் அது முழு ஃபைபர். இத்தனை வருஷம் காசு வாங்கினவன் ஒருத்தனாவது இதைச் சொன்னானா?

கம்பெனியின் இணையதளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. 'உங்கள் பகுதியில் முழு ஃபைபர் உள்ளதா?' தெருப் பெயரைப் போட்டேன். 'வாழ்த்துகள்! உள்ளது!' கலர் காகிதமெல்லாம் பறக்கிறது. கதவு எண்ணைப் போட்டேன். 'இந்த முகவரியில் இல்லை.'

அப்புறம் எதுக்குடா வாழ்த்து?

சும்மா எதிர்வீட்டு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. எதிர்வீட்டு டெய்லருக்கு! நாள் முழுக்கத் தையல் மிஷின் மிதிக்கிற மனுஷன். அவர் அதை வைத்து என்ன செய்கிறார், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறாரா?

ஜூன் 11, புதன்

கம்பம் எங்கள் வாசலில் நிற்கிறது. எங்கள் வாசலில்! ஒயர் எங்கள் தலைக்கு மேலே எதிர்வீட்டுக்குப் போகிறது.

ஜூன் 12, வியாழன்

பார்சல் கொடுக்கிற வேலையில் ஒரே ஒரு வசதி. எந்த வீட்டு வாசலிலும் கொஞ்ச நேரம் நிற்கலாம், யாரும் நாயை அவிழ்த்துவிட மாட்டார்கள். கல்லூரியைப் பாதியில் விட்டதுக்கு இதாவது மிச்சம்.

இன்றைக்கு எல்லாக் கம்பத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். இழை வந்த கம்பத்தின் உச்சியில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலிருந்து மெல்லிசாக ஒரு ஒயர் வீட்டுக்குள் போகும். போகிற வீட்டிலெல்லாம் கையெழுத்து வாங்கும்போது கேட்டேன். மார்க்கெட் பின்பக்கம் முழுக்க இல்லை. ஆஸ்பத்திரி ரோட்டில் இருக்கிறது. ஒரு அம்மா, "ஃபைபரா? டாக்டர் எனக்கும் அதைத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்றார்.

எங்கள் தெருவில் எங்களைத் தவிர எல்லா வீட்டுக்கும் இருக்கிறது. மூலையில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக்கூட. அங்கே புறாதான் குடியிருக்கிறது. புறாவெல்லாம் நல்லா படம் பார்க்கட்டும்.

கடைசியாக டெய்லரிடம் போனேன். வாயில் ஊசியோடு பேசினார். "போன வருஷமே போட்டாங்களேம்மா. போன்ல கேட்டாங்க, சரின்னேன், வந்தாங்க. உங்களுக்கும் கேட்டிருப்பாங்களே?"

யாரிடம் கேட்டான்?

ஜூன் 13, வெள்ளி

தெரிந்துவிட்டது.

கஸ்டமர் கேர். பாட்டு, பாட்டு, பாட்டு. பிறகு ஒரு பெண். குரலில் தேன் ஒழுகுகிறது.

"உங்க வீட்டுக்குப் போன வருஷமே கூப்பிட்டிருக்கோம் மேடம். ஒவ்வொரு தடவையும் கட் பண்ணிட்டாங்க. அதனால வேண்டாம்னு பதிவாயிருக்கு."

அந்த நம்பர் அக்காவுடையது. இணைப்பே அவள் பேரில்தான். என் பேரில் வாங்கினால் நான் பாதியில் விட்டுவிடுவேனாம், அம்மாவின் நக்கல். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அக்கா கட் பண்ணிவிட்டு ஒரு மெசேஜ் அனுப்புவாள்: 'எனக்குக் காது கேட்காது. எழுதி அனுப்பவும்.' இவர்களுக்கும் அனுப்பியிருப்பாள். இவர்கள் நம்பருக்கு மெசேஜ் போகாது.

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க" என்றேன்.

"ஓகே மேடம். பதிவை மாத்தணும்னா அவங்க வாயால சரின்னு சொல்லணும். அது ரெகார்டு ஆகும்."

"காதே கேக்காதுன்னு சொல்றேன்!"

"புரியுது மேடம். போனை அவங்ககிட்ட குடுங்க."

புரியுதாம். என்னத்தடி புரிஞ்சுது உனக்கு?

ஜூன் 14, சனி

கஸ்டமர் கேர் மேடம், உங்க கம்பம் இடிஞ்சு விழ.

ஜூன் 16, திங்கள்

இன்றைக்கு நான் அக்காவானேன்.

மறுபடியும் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். எவ்வளவு சுலபம்! அவள் பெயர் சொன்னேன், பிறந்த தேதி சொன்னேன், "சரி, எனக்குச் சம்மதம்" என்றேன். மரியாதையாக, மெதுவாக. "உறுதி செய்ததற்கு நன்றி மேடம்." முடிந்தது. ஏற்கெனவே செய்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அக்கா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவளுக்கு நான் மூக்கு நுனியைத் தொடுகிற ஒரு விரல், அதுதான் அவள் எனக்குச் சைகையில் வைத்த பெயர். மூக்குக்கு மேல கோபம் வருகிறவள். ஆனால் இன்றைக்குக் கோபம் வந்தது அவளுக்கு.

'யார் பேசினது?'

'நான்தான். உன் பேர்ல.'

'நான் எப்படிப் பேசினேன்?'

எனக்கு உடனே புரியவில்லை. 'நல்லா... மரியாதையா.'

'இனிமே அவங்களுக்கு அந்தக் குரல்தான் நான். அடுத்த தடவை கூப்பிட்டாலும் நீ வேணும். அதுக்கு அடுத்த தடவையும் நீ வேணும். நீ வீட்டுல இல்லன்னா நான் யாரு?'

'மாசக் கடைசி ஞாபகம் இருக்கா? வேலை போயிடும்!'

'என் வேலை. நானே போய் அது நான் இல்லைன்னு சொல்லப்போறேன்.'

வந்ததே எனக்கு! நாயா அலைஞ்சு, பொய் சொல்லி, உனக்காகத்தானே செஞ்சேன்? நன்றி வேண்டாம், கெடுக்காமலாவது இரேன். இரண்டு கையும் வலிக்கிற வரைக்கும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். அவள் கண்ணை மூடினால் நான்தான் ஊமை.

அம்மா லாண்டரி வேலை முடிந்து உள்ளே வந்தாள். "மத்த வீட்டுல சண்டைன்னா சத்தம் வரும். இங்க காத்து அடிக்குது. கையைக் கீழ போடுங்கடி ரெண்டு பேரும்."

ஜூன் 17, செவ்வாய்

பேசவில்லை. அவள் திரும்பினால்தானே.

ஜூன் 18, புதன்

காலையில் என் அறை லைட்டை அணைத்து அணைத்துப் போட்டாள். அவள் என்னைக் கூப்பிடுகிற விதம் அது.

'வா. வண்டி ஓட்டத்தான். உள்ளே வாய் பூட்டு. கை பாக்கெட்ல.'

கம்பெனி அலுவலகம். கவுண்டரில் டை கட்டின ஒரு பையன். அக்கா தன் போனில் பெரிய எழுத்தில் தட்டி வைத்திருந்ததைக் காட்டினாள். 'எனக்குக் காது கேட்காது. திங்கட்கிழமை பேசியது நான் இல்லை. என் சம்மதத்தை இப்போது நேரில் தருகிறேன். முழு ஃபைபர் வேண்டும்.'

அவன் அதைப் படித்தான். படித்துவிட்டு என்னைப் பார்த்து, "இவங்க என்ன சொல்றாங்க?" என்றான்.

எழுதியிருக்குடா! நான் கூரையைப் பார்த்தேன்.

"மேடம், உங்களைத்தான் கேக்கறேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், இன்னும் எரிகிறது. அக்கா மேஜையைத் தட்டித் தன் முகத்தைக் காட்டினாள். இங்கே பார்.

"வாய்ஸ் இல்லாம சிஸ்டம் ஏத்துக்காதுங்க" என்றான். மறுபடியும் என்னிடம்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவனையே பார்த்தாள்.

பின்னால் வரிசை நீண்டது. "யம்மா, எவ்வளவு நேரம்?" "நாங்களெல்லாம் வேலை வெட்டி இல்லாதவங்களா?" "எழுந்திருக்கச் சொல்லுப்பா!" எல்லாத் திட்டும் என் முதுகில்தான் விழுந்தது. அக்கா மேல் ஒன்றுகூட ஒட்டவில்லை. மழையில் கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்திருப்பவள்போல அப்படி ஒரு நிம்மதி. ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "ஏம்மா, நீயாவது பேசேன். உனக்கும் வாய் வராதா?" என்றார். எனக்கு! அம்மா கேட்டிருந்தால் சிரித்தே செத்திருப்பாள்.

பையனுக்கு வியர்த்துவிட்டது. யாரையோ கூப்பிட்டான், யாரும் வரவில்லை. கடைசியில் தன் கம்ப்யூட்டர் திரையைப் பிடித்து அவள் பக்கம் திருப்பினான். தட்டினான். 'உங்கள் பெயர்?'

அந்தத் திரை திரும்பும். முதலிலிருந்தே அது திரும்பும்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று. 'நேரில் தந்த சம்மதம்' என்று அவர்கள் சிஸ்டத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது. எங்கேயோ அடியில். அவனே ஆச்சரியப்பட்டான். அக்கா அவன் கீபோர்டை வாங்கி ஒரு வரி தட்டினாள்: 'அந்தக் குரலை அழித்துவிடுங்கள்.'

என் குரல். அழித்தான்.

முப்பதாம் தேதி ஆள் வருவாராம். மாதத்தின் கடைசி நாள். வராவிட்டால் நான் கவுண்டரைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

ஜூன் 30, திங்கள்

ஆள் வந்தார். கம்பத்தில் ஏறினார், ஜன்னலோரம் ஒரு ஓட்டை போட்டார், வெள்ளையாக ஒரு டப்பாவை மாட்டினார். அம்மா துணி மடித்து முடிக்கவில்லை, அதற்குள் வேலை முடிந்தது. இதற்குத்தான் ஒரு வருஷம்.

ஜூலை 3, வியாழன்

அதே அப்பா, அதே பிள்ளை. நான் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டே பார்த்தேன். 'பசிக்குதா?' அக்காவின் கை நெஞ்சைத் தாண்டி வயிறு வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பிள்ளை தன் குட்டி வயிற்றைத் தட்டியது. அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அவரை விரட்டினாள்: அப்புறம் அழுங்க, முதல்ல பதில் சொல்லுங்க.

அலமாரியில் அவள் போன் அதிர்ந்தது. கம்பெனி நம்பர். எங்கள் சேவை எப்படி இருந்தது, ஒன்றை அழுத்தவும், அதுவாகத்தான் இருக்கும். சேவையா? சொல்றேன் வா. மூன்று நாளைக்குப் பேசலாம், அவ்வளவு வைத்திருக்கிறேன். கையை நீட்டிப் போனை எடுத்தும்விட்டேன்.

எடுத்ததை அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் பார்த்தாள். வழக்கமான மெசேஜைத் தட்டிவிட்டாள். 'எனக்குக் காது கேட்காது. எழுதி அனுப்பவும்.' உடனே சிவப்பு எழுத்தில் வந்தது: 'இந்த எண்ணுக்குச் செய்தி செல்லாது.'

அதை எனக்குக் காட்டினாள்.

'சனிக்கிழமை வண்டி எடு.'

'கை?'

'பாக்கெட்ல.'