நூற்றிருபத்தெட்டு லிட்டர்

மார்ச் 4, செவ்வாய்

பட்டியலை டிரைவர்கள் அறைச் சுவரில் ஒட்டியாயிற்று. போன மாதம் எங்கள் ரொட்டிக் கம்பெனியில் எந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று. தபால் பைக் 52. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் மேலாளரின் ஹைப்ரிட் கார் 21, அதுவும் ஊருக்குள்தான். நெடுஞ்சாலையில் அது 18-க்கு இறங்கிவிடுகிறது. பிரேக் பிடித்தால்தானே அதன் பேட்டரிக்குச் சாப்பாடு. ஏழு ரொட்டி வேன்களும் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில். மாவு லாரி 5.1.

"கடைசியில இருக்கிறதுக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கீங்களே" என்று ஒரு வேன் டிரைவர் கேட்டார். பன்னிரண்டு டன் மாவை ஒரு லிட்டரில் ஐந்து கிலோமீட்டர் நகர்த்துகிறது, பைக் நகர்த்துவது ஒரு ஆளையும் ஒரு பையையும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கடைக் கடைக்கு இன்ஜினை அணைக்காமல் நிறுத்துகிறவர் அவர்.

சாயங்காலம் லாரிக்காரர் வழக்கம்போல் வாசலில் நின்று, "என் மகராணி எவ்ளோ குடிச்சா தங்கச்சி?" என்றார். நான் இங்கே சேர்ந்த நாள் முதல் இதே கேள்வி. பதினொரு வருஷம். அவர் சேர்ந்து பத்தொன்பது.

மார்ச் 7, வெள்ளி

லாரிக்குப் புது டயர். பழைய அளவு வர மூன்று வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். ஒரு அளவு பெரியது கையிருப்பில் இருக்கிறது, அதே சக்கரத்தில் உட்காரும், பாரமும் நன்றாகத் தாங்கும் என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். மெக்கானிக் மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார்.

லாரிக்காரர் ஏறி இறங்கிப் பார்த்தார். "படி உசந்துபோச்சு தங்கச்சி. ஏறும்போது முட்டி பேசுது."

"வயசு பேசுது அண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக் கார் கூரை மேல் இருந்த கம்பிச் சட்டத்தைக் கழற்ற வைத்தேன். போன வருஷம் வீடு மாறியபோது மாட்டியது. சும்மா காற்றை எதிர்த்துக்கொண்டு வருகிறது. இவர் முனகிக்கொண்டே கழற்றினார். "உன்னை விட்டா என் மண்டை முடியையும் கழட்டச் சொல்லுவ." அங்கே கழற்ற அதிகம் இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

லாரி 4.6.

இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன். ஆறாயிரம் கிலோமீட்டர், ஆயிரத்து முந்நூற்று நான்கு லிட்டர். 5.1 வந்திருந்தால் ஆயிரத்து நூற்று எழுபத்தாறுதான் ஆகியிருக்கும். 128 லிட்டர் கூடுதல். அதே மாவு மில், அதே சாலை, அதே பாரம்.

ஏப்ரல் 3, வியாழன்

மெக்கானிக் நாள் முழுக்கப் பார்த்தார். ஒழுக்கு இல்லை. காற்று வடிகட்டி சுத்தம். பிரேக் எதுவும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. டயரில் காற்று சரியான அளவு. "வண்டி நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேலாளருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். "வாகனத்தில் குறை இல்லை. ஓட்டுநரைக் கவனிக்க வேண்டும்."

ஏப்ரல் 4, வெள்ளி

மேலாளர் கூப்பிட்டார். "அப்போ 128 லிட்டர் எங்க போச்சு? ஆவியாயிடுச்சா?" இனி லாரியின் டீசல் டாங்கிக்குப் பூட்டு. சாவி என் மேசையில். நிரப்பும்போது நானே போய்த் திறந்து, நானே பூட்ட வேண்டும். மாதக் கடைசிக்குள் எண் ஏறாவிட்டால் லாரிக்காரரை அனுப்பிவிடுவாராம். திருடன் என்ற பெயரோடு போகிறவருக்கு ஐம்பத்தாறு வயதில் யார் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்? அதை நான் மேலாளரிடம் கேட்கவில்லை. எண்களைச் சொல்வது என் வேலை, சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

பூட்டு மாட்டும்போது லாரிக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். வேன் டிரைவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

பிறகு லாரிக்காரர் என் மேசைக்கு வந்தார். "எழுதினது நீங்களா?"

"வண்டியில குறை இல்லேன்னுதான் எழுதினேன் அண்ணே."

"ரெண்டு வரின்னு சொன்னாங்க. அந்த இன்னொரு வரி?"

நான் பதில் சொல்வதற்குள், "சரி மேடம்" என்று போய்விட்டார்.

மேடம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. "பதினொரு வருஷம் தங்கச்சின்னு கூப்பிட்ட மனுஷனை லிட்டர் கணக்குல அளந்துட்ட" என்றார். காரணம் இருக்கிறது என்று சண்டைக்குப் போனேன். என்ன காரணம் என்று கேட்டார். தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

ஏப்ரல் 12, சனி

ஒரு வாரம் பூட்டு. சாவி என்னிடம். நிரப்பியது என் கண் முன்னால். மறுபடியும் 4.6.

பூட்டியிருக்கும் டாங்கியிலிருந்து எப்படிப் போகும்?

"கள்ளச்சாவி போட்டிருப்பான்" என்கிறார் மேலாளர். அவருக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. திங்கட்கிழமை லாரியில் நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "நல்லது, கையும் களவுமா பிடிங்க" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஏறும்போது என் முட்டியும் பேசியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அவர் வழியெல்லாம் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டுவார் என்று எல்லாரும் சொல்வார்கள். இன்று ஒரு சத்தம் இல்லை. மெதுவாக மிதிக்கிறார், இறக்கத்தில் கியரிலேயே விடுகிறார், தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுகிறார். வேன்காரர்களுக்கு நான் மாதாமாதம் சொல்லித் தொண்டை வற்றியதெல்லாம் இவர் காலிலேயே இருக்கிறது. இப்படி ஓட்டுகிறவர் 4.6 கொடுக்க முடியாது. திருடுகிறவர் இவ்வளவு பார்த்து ஓட்டவும் மாட்டார்.

பேச்சு இல்லாததால் கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டு வந்தேன். பொழுது போக வேண்டுமே. ஒரு கல்லில் மீட்டரைப் பார்த்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன். பத்து கல் தாண்டியும் மீட்டரில் பத்து ஏறவில்லை. கல்லை எவனோ தப்பாக நட்டிருக்கிறான் என்று நினைத்தேன். இருபது கல். ஐம்பது கல். நூறு கல் தாண்டியபோது மீட்டர் காட்டியது தொண்ணூற்று மூன்றரை.

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

டயர் பெரிசு. தேய்ஞ்ச பழைய டயரோட பார்த்தா இன்னும் பெரிசு. ஒரு சுத்துல வண்டி கூடுதலாத் தூரம் போகுது, மீட்டருக்குச் சுத்துதான் தெரியும், தூரம் தெரியாது. நான் மீட்டரை வெச்சு வகுத்திருக்கேன். ஓடின தூரத்தைக் குறைச்சுப் போட்டுட்டு, டீசல் எங்கேன்னு ஒரு மனுஷனைக் கேட்டிருக்கேன். வேக முள்ளும் அதே கதைதான். அவர் எழுபதுன்னு நினைச்சு எழுபத்தஞ்சுல போயிருக்கார். மீதிக் கொஞ்சம் அதுல போச்சு. டயர் நான் வாங்கினது. கையெழுத்து என்னுது. அன்னிக்கே சொன்னாரே படி உசந்துபோச்சுன்னு, நான் கிண்டல் பண்ணினேனே.

மில்லில் இறங்கியதும் சொன்னேன். தரையிலேயும் டயரிலேயும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சுற்று நகர்த்தச் சொல்லி, அளந்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"என் மேல தப்பு அண்ணே" என்றேன்.

"முட்டி அன்னிக்கே சொல்லிச்சு" என்றார். அவ்வளவுதான். மூட்டை ஏற்றுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மேலாளரிடம் அளவுகளை வைத்தேன். ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். "சரி, அந்த ரெண்டு வரிப் பேப்பரைக் கிழிச்சுடுங்க. இதைப் பெரிசு பண்ண வேண்டாம்." கிழித்தேன். ஆனால் பூட்டு மாட்டியதை எல்லாரும் பார்த்தார்களே. அதனால் டிரைவர்கள் அறையில், பட்டியலுக்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டினேன். "மார்ச் மாத லாரிக் கணக்கு தவறு. டயர் அளவை மாற்றியது நான். மீட்டரைத் திருத்தாமல் வகுத்ததும் நான். ஓட்டுநரிடம் எந்தக் குறையும் இல்லை." கீழே என் கையெழுத்து. மேலாளர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். எடுக்கச் சொல்லவில்லை.

இனிமேல் முள் அறுபத்தைந்தைத் தாண்ட வேண்டாம் என்று லாரிக்காரரிடம் சொன்னேன். தலையாட்டினார். பூட்டைக் கழற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அதற்கு மட்டும் தலையாட்டவில்லை.

"இருக்கட்டும் மேடம். அடுத்த தடவை எண் இறங்கினா யாரும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்ல பாருங்க."

மே 2, வெள்ளி

லாரி 5.1, திருத்திய தூரத்துக்கு. மேலாளர் தன் கார் ஏன் போன மாதம் 19 என்று கேட்டார். விடுமுறையில் நெடுஞ்சாலையில் போனீர்களா என்றேன். போனாராம்.

சாயங்காலம் லாரிக்காரர் டாங்கிப் பூட்டின் சாவியை என் மேசையில் வைத்தார். எவ்வளவு என்று கேட்கவில்லை. தினமும் இப்படித்தான். காலையில் டீசல் நிரப்ப எடுக்கிறார், சாயங்காலம் வைக்கிறார்.

ஜூன் 30, திங்கள்

5.2. சாவி.

பட்டியலில் "டயர்" என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன், "ஓட்டுநர்" கட்டத்துக்கு முன்னால்.

ஜூலை 22, செவ்வாய்

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். காது கேட்காதவர் மாதிரி வைத்துவிட்டுப் போனார். கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. கொஞ்ச நேரம் அழுதேன், கழிப்பறையில், குழாயைத் திறந்துவிட்டு. அவ்வளவு தண்ணீர் வீண்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆறு மணி. மேசையில் சாவி இல்லை. லாரி கொட்டகையில் நிற்கிறது. அவர் வீட்டுக்குப் போய்விட்டார். சாவி இல்லையே என்று கேட்கப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்றும் இல்லை. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நானே பார்க்கலாம் என்று மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். டாங்கியில் பூட்டே இல்லை. மாட்டியிருந்த இடத்தில் ஒரு வளையம் அளவுக்குத் துரு மட்டும்.

சாயங்காலம் வாசலில் நிழல் தட்டியது. நான் நிமிரவில்லை.

"எவ்ளோ குடிச்சா?"

"அஞ்சு புள்ளி மூணு அண்ணே."

"ம்" என்றார். படி இறங்கும்போது பாடிக்கொண்டே போனார்.